உப்புக் கிணற்றுச் சிவப்பு

கொடியில் இரண்டு சிட்டம் நூல், அதாவது சுற்றிக் கட்டிய இரண்டு கற்றை, தொங்குகிறது. இரண்டும் பரமக்குடியில் ஒரே கடையில் வாங்கிய 40ஆம் நம்பர் பருத்தி நூல். ஒரே நாளில் அவித்து, ஒரே கடுக்காய்த் தண்ணீரில் ஊறி, ஒரே படிகாரத்தில் கிடந்து, ஒரே பாத்தியில் தோண்டிய வேரில் வெந்தவை. ஒன்று வெளிறிய செங்கல்பொடி நிறத்தில் இருக்கிறது. இன்னொன்று சிவப்பு. செம்பருத்திச் சிவப்பு என்று சொல்ல மாட்டேன், அது வேறு. இது மாதுளை முத்துக்கும் கோயில் மதில் காவிக்கும் நடுவில் நிற்கிற, கொஞ்சம் கனத்த சிவப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தண்ணீர் மட்டும்தான். செங்கல்பொடி நிறம் குடிக்கிற ஊற்றுத் தண்ணீரில் வந்தது. சிவப்பு, கொல்லையில் கிடக்கும் உப்புக் கிணற்றில் வந்தது.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியிலிருந்து தெற்கே கடலைப் பார்த்து இறங்கும் பாதையில் இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் கிணறு உண்டு, குடிக்கத் தண்ணீர் கிடையாது. குடிநீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவதுதான் பழக்கம். குழாய் வந்த பிறகும் பல வீடுகளில் ஊற்றை விடவில்லை. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பானையின் உள்ளே ஆறே மாதத்தில் வெள்ளை ஓடு கட்டிவிடும். பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் கேட்பார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சாயத்துக்குள் நான் வந்தது வலை வழியாக. எங்கள் அய்யா காலத்தில் வலை பருத்தி நூலில்தான். 1960களில் நைலான் பரவிய பிறகு அது போய்விட்டது. பருத்தி வலையை அப்படியே கடலில் விட்டால் சில வாரங்களில் உளுத்துவிடும். அதனால் மரப்பட்டையை இடித்துப் பெரிய பானையில் அவித்து, அந்தத் துவர் நீரில் வலையை முக்கி எடுத்துக் காயவைப்பார்கள். சில நாள் தொழில் போனபின் திரும்ப முக்க வேண்டும். வலை செம்பழுப்பாக, விறைப்பாக இருக்கும் என்று அப்பத்தா சொல்லும். அய்யாவின் உள்ளங்கையும் அதே நிறமாம். சாயம் என்று அவர்கள் அதைச் சொன்னதே இல்லை. "துவரு போடுறது" என்றுதான் பெயர்.

அந்தச் சொல்லிலேயே எனக்குப் பெரிய ஆச்சரியம் உண்டு. துவர் என்றால் நாக்கை இழுக்கும் சுவை. துவர் என்றால் சிவப்பும்தான். துவரிதழ், துவராடை என்றெல்லாம் பழைய தமிழில் வருவது சிவப்பை. நாக்கு அறிந்த ஒன்றும் கண் அறிந்த ஒன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பருத்தி நூலில் சாயம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. துவர்ப்பு இல்லாமல் பருத்தியில் சிவப்பு நிற்காது.

கம்பளியும் பட்டும் விலங்கிலிருந்து வருபவை, சாயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படி இல்லை. அதற்கு முதலில் துவர்ப்பைக் கொடுக்க வேண்டும், அந்தத் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பது போலத்தான். கீழே நிற்கிறவர் சரியில்லை என்றால் மேலே இருப்பவர் முதல் சலவையிலேயே விழுந்துவிடுவார். இது தெரியாமல் நான் ஆரம்பத்தில் வெறும் மஞ்சள் தூளில் நூலைக் கொதிக்கவைத்து, வந்த நிறத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மாடியில் பத்து நாள் வெயிலில் கிடந்ததும் அது சாம்பல் பூத்த வெள்ளையாகிவிட்டது. மஞ்சள் வெயில் தாங்காது. வெங்காயத் தோல், துலுக்கச் செவ்வந்தி, மாதுளைத் தோல் எல்லாம் படிகாரத்தோடு நல்ல மஞ்சளும் பொன்னிறமும் கொடுக்கும், மாதுளைத் தோலில் துவர்ப்பும் கூடவே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

கறுப்பு தற்செயலாக வந்தது. கடுக்காயில் ஊறவைத்த நூலை மாடியில் கம்பிக் கொடியில் காயப்போட்டேன். இங்கே கடல்காற்றில் துருப்பிடிக்காத கம்பி ஏது? சாயங்காலம் எடுக்கும்போது ஒவ்வொரு சிட்டத்திலும் கொடி பட்ட இடத்தில் மை தீட்டியது போலக் கறுப்புக் கோடு. எவ்வளவு அலசியும் போகவில்லை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, பழைய எழுத்து மைகூட அப்படிச் செய்ததுதான். அன்று முதல் தென்னங்கயிற்றுக் கொடிதான் கட்டுகிறேன். கோடு விழுந்த நூலை வீணாக்க மனமில்லாமல் முழுவதையும் கறுப்பாக்கிவிடலாம் என்று துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், உடைந்த அரிவாள் எல்லாம் ஒரு கால் கிலோ சேர்த்து, நூறு கிராம் கருப்பட்டி தட்டிப்போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீரில் மண்பானையில் மூடி வைத்தேன். கலம்காரி எழுதுகிறவர்கள் கறுப்புக்குச் செய்வது இதுதான். சாயல்குடிக் கருப்பட்டி எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். மூன்றாம் நாள் நுரைத்தது, பதினெட்டாம் நாள் அடங்கியது. வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, அதில் நூலை முக்கிய மறுகணம் அது கறுத்ததைப் பார்த்துவிட்டு மதினி, "ஏத்தா, இதென்ன வித்தை!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இரும்பு கூடினால் நூல் நாளடைவில் இற்றுப்போகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், நன்றாக அலசுங்கள்.

சிவப்புக்கு வருகிறேன். இவ்வளவும் அதற்காகத்தான்.

சாயவேர் என்று ஒரு செடி உண்டு. சித்த வைத்தியத்தில் இம்பூறல் என்பார்கள், இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும் மருந்து. ஓர் அடிகூட வளராது. ஊசி போன்ற இலை, கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் சிறு வெள்ளைப் பூ. மேலே பார்க்க ஒன்றுமில்லாத செடி. கீழேதான் எல்லாம். மணலுக்குள் நேராக இறங்கும் மெல்லிய வேர், அதன் தோலில் அலிசரின் என்ற சிவப்புப் பொருள். சோழமண்டலக் கரையிலிருந்து உலகம் முழுக்கப் போன சிவப்புத் துணிகளில் பலவற்றுக்கு இந்த வேர்தான் ஆதாரம். ஆங்கிலேயர்கள் இதன் பெயரைத் தமிழிலிருந்து எடுத்து 'சே' என்று எழுதிக்கொண்டார்கள். இராமேசுவரம் பக்கத்து மணலில் வளர்ந்த வேருக்குத் தனி மதிப்பு இருந்தது. எதிர்க்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டுவதையும் விற்பதையும் டச்சுக்காரர்கள் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள். அவ்வளவு காசு பெயர்ந்த வேர் இது.

1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதே அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செய்துகாட்டினார்கள். சில ஆண்டுகளில் அது டப்பாவில் அடைத்து விற்பனைக்கு வந்தது. மதுரைச் சுங்குடிக்குச் சிவப்பு ஏற்றியவர்களும் மெல்ல அதற்கு மாறினார்கள். மணலில் உட்கார்ந்து வேர் தோண்டியவர்களுக்கு வேலை போனது. யாரும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். கொள்முதல் செய்கிறவர் ஒரு வருடம் வந்திருக்க மாட்டார், மறுவருடமும் வந்திருக்க மாட்டார், அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது. எங்கள் ஊரில் இன்று அந்தச் செடியைக் காட்டினால் பத்தில் ஒருவருக்குத்தான் பெயர் தெரிகிறது, அதுவும் மருந்தாக.

நான் பார்த்த ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர்தான் அடையாளம் காட்டினார். கோயில் பின்புறத் தேரியில், நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்த பாதையிலேயே அது இருந்தது. ஒரு கைப்பிடி தோண்டினேன். வேர் கம்பி கனம், ஒடித்தால் உள்ளே ஆரஞ்சு மஞ்சள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்த்ததும் கையிலேயே சிவந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டினேன், பிறகு நிறுத்திவிட்டேன். ஒரு சிட்டம் நூலுக்கு வேண்டிய வேரை அந்த மேட்டில் எடுத்தால் அடுத்த வருடம் அங்கே செடியே இருக்காது. தயவுசெய்து நீங்களும் மணல்மேட்டைக் கிண்டாதீர்கள். விதை எடுத்து வந்து வளர்த்துக்கொள்ளலாம். விதை தூசு மாதிரி இருக்கும், மணலோடு கலந்து தூவ வேண்டும், மண் மூடக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன் கொல்லையில் பத்தடிக்கு நாலடி பாத்தி கட்டி, கடற்கரை மணலும் கொஞ்சம் ஆட்டுப்புழுக்கையும் கலந்து தூவினேன். மணல் முக்கியம். களிமண்ணில் வேர் குறுகிக் கிளை விட்டுவிடும், பிடுங்கினால் பாதி உள்ளேயே அறுந்துபோகும். முழுதாக இரண்டு வருடம் காத்திருந்தேன். முதல் வருட வேரில் நிறம் போதாது.

தோண்டிய வேரை நிழலில் காயவைத்து நிறுத்தபோது அறுநூறு கிராம் சொச்சம். இரண்டு வருடத்துக்கு அறுநூறு கிராம். நூலின் எடைக்கு இரண்டு மடங்கு வேர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன், அதாவது முந்நூறு கிராம் நூல், மூன்று சிட்டம்.

நூறு கிராம் நூலுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஐந்து கிராம் சலவைச் சோடாவும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் சேர்த்து இரண்டு மணிநேரம் அவிக்க வேண்டும். தண்ணீர் தேநீர் நிறமாகும், நூலில் அவ்வளவு எண்ணெய்ப் பசை இருக்கும். சோடாவுக்குப் பதில் உமரிச் செடியைக் கொளுத்திய சாம்பலின் தெளிவு நீரையும் வைத்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது, உமரிக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. பழைய சிவப்புச் சாயக்காரர்கள் இந்தக் காரத் தண்ணீரில் நல்லெண்ணெய் கலந்து, நூலைப் பிசைந்து பிசைந்து, வெயிலில் போட்டு, திரும்பப் பிசைந்து, நாள்கணக்கில் செய்வார்கள். நான் நான்கு நாள் செய்தேன். கை நோவு ஒரு பக்கம் இருக்கட்டும், அப்படிச் செய்த நூலுக்கு வருகிற மினுமினுப்பு செய்யாததற்கு வருவதில்லை. பிறகு கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி இருபது கிராம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு. பிழிந்து, அலசாமல் காயவைப்பு. அடுத்து படிகாரம் பதினைந்து கிராம், வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு இன்னோர் இரவு. காய்ந்தபின் ஒரு வாரம் சும்மா வைத்திருங்கள். அந்த ஒரு வாரத்தை நான் முதலில் மதிக்கவில்லை, இப்போது மதிக்கிறேன். படிகாரம் நூலுக்குள் நிலைகொள்ள அந்த நாள்கள் வேண்டும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது மண்பானை. இரும்புச் சட்டி வேண்டாம், காரணம் மேலே சொன்ன கறுப்புக் கோடுதான். சமைக்கிற பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள், இதற்கு எடுத்ததைத் திரும்பச் சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வேரை இடித்து முந்தின இரவே ஊறப்போட்டேன். மதினி அதிகாலையில் ஊற்றுக்குப் போய், வரிசையில் நின்று, இரண்டு குடம் கோரிக்கொண்டு வந்தார்கள். "இம்புட்டு நாள் காத்திருந்து செய்யிற வேலை, அந்த உப்புத் தண்ணியிலயா போடுவ? நல்ல தண்ணியில போடு" என்றார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நல்ல காரியத்துக்கு நல்ல தண்ணீர். கைபொறுக்கும் சூட்டில் ஒரு மணிநேரம், பிறகு மெதுவாக ஏற்றி, கொதி வரும் முன் நிறுத்தி இன்னொரு மணிநேரம், அதிலேயே ஆறவிட்டு மறுநாள் காலை எடுத்தோம். செங்கல்பொடி.

இரண்டு வருடம். நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. மதினி ஒன்றும் பேசாமல் நூலைக் கொடியில் விரித்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு பல வாரம் தேடித் தேடிப் படித்ததில் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் ஒன்றைப் பற்றித் தெரிந்தது. புதுச்சேரிப் பக்கம் இருந்தவர். தன்னிடம் வந்த சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் என்று முறை முழுவதையும் எழுதியிருக்கிறார். அதில் ஓர் இடத்தில் சிவப்புக்குச் சாயக்காரர்கள் எல்லாத் தண்ணீரையும் எடுக்க மாட்டார்கள், சுவையில் கரகரப்பான சில கிணறுகளின் தண்ணீரைத் தேடுவார்கள் என்று வருகிறது. அந்த வரியைப் படித்த இடத்திலேயே எழுந்து கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதுவரை அந்தக் கிணற்றை நான் பார்த்ததே இல்லை போல இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. அலிசரின் படிகாரத்தோடு மட்டும் சேர்ந்தால் சிவப்பு முழுமையடையாது. சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மூன்றும் கூடி நூலுக்குள் கட்டிக்கொள்ளும்போதுதான் கனத்த சிவப்பு வரும், வெயிலும் சலவையும் தாங்கும். எங்கள் கரை மணலில் பாதி சிப்பித் தூளும் பவளப்பாறைத் துணுக்கும். அதற்குள் நின்று ஊறிய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. பருப்பை வேகவிடாததும், சோப்பை நுரைக்கவிடாததும், பானையில் வெள்ளை ஓடு கட்டுவதும் அதே சுண்ணாம்பு. ஊற்றுத் தண்ணீர் மழை பெய்து மணலில் தங்கியது. மண்ணோடு அதிக நாள் பழகாத தண்ணீர், அதனால் இனிப்பு, அதனாலேயே சிவப்புக்கு ஆகாது.

இரண்டாவது சிட்டத்தைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டேன். அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. குச்சியால் தூக்கிப் பார்த்தபோது என் கை நடுங்கியது. மதினியைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

மூன்றாவதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஊற்றுத் தண்ணீரில் மிளகளவு வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்துப் போட்டேன். அதுவும் சிவந்தது. ஆகவே ஊற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும் உள்ள ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் அளவு மீறக்கூடாது, சுண்ணாம்பு கூடிய மறுபாதி ஊதாவுக்குத் திரும்பிவிட்டது. அதுவும் அழகான நிறம்தான், எனக்கு வேண்டியது அதில்லை. மஞ்சிட்டி என்ற சிவப்புச் சாய வேரை வாங்கிச் செய்கிறவர்களுக்கும் இது உதவும். மஞ்சணத்தி வேரில் இதே வழி போகிறதா என்று இப்போது ஒரு துண்டு ஊறிக்கொண்டிருக்கிறது. அவுரி நீலத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அது முற்றிலும் வேறு வேலை, புளிக்கவைக்கும் தொட்டி வேண்டும். இந்தப் பக்கம் அவுரி என்று கேட்டால் பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையைத்தான் கட்டிக் கொடுப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

சிவந்த சிட்டத்தில் பாதியை எமனேசுவரத்தில் ஒரு நெசவாளரிடம் கொண்டுபோனேன். துண்டுக்கு ஊடை நூலாக, அதாவது குறுக்கு நூலாக, போட்டுத் தருகிறேன் என்றார். இரு விரலால் நூலை முறுக்கிப் பார்த்து, நாக்கில் நுனியை வைத்துப் பார்த்து, "எங்க பாட்டன் இப்படித்தான் வச்சுப் பாப்பாரு. எதுக்குன்னு நான் கேட்டுக்கிட்டதில்ல" என்றார். துவர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, அவருடைய பாட்டனைப் பற்றி அவரிடம் சொல்ல நான் யார்?

திரும்பி வந்து மதினியிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர்கள் ஊற்றுக்குப் போகும் வழியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, எங்கள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார்கள். முகம் சுளிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு, "பள்ளிவாசல் கெணறு இதைவிடக் கரகரப்பு. நாகலிங்கமரத்துக் கெணறு கொஞ்சம் கம்மி, ஆனா பின்னாடி கசக்கும்" என்றார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்த் தண்ணீரையெல்லாம் அவர்கள் நாக்கு கணக்கு வைத்திருக்கிறது. ஊரில் ஒன்பது கிணறு இருக்கிறது என்றும் சொன்னார்கள். எனக்கு ஏழுதான் தெரியும்.

மிச்சமிருந்த வேர்த்தூளில் பத்துப் பத்து கிராம் நூலாக இதுவரை நான்கு கிணறு பார்த்தாயிற்று. பள்ளிவாசல் கிணற்று நூல்தான் எல்லாவற்றிலும் அடர்த்தி. நாகலிங்கமரத்துக் கிணற்று நூலில் பழுப்பு ஏறிவிட்டது, அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்க வேண்டும், மதினி சொன்ன கசப்பு அதுவாக இருக்கலாம். நூல்களில் அட்டை கட்டி எந்தக் கிணறு, எந்த மாதம் என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். மழை பெய்தால் கிணறு இளகும், நிறமும் மாறும் என்கிறார்கள் மதினி. அதனால் மீதி ஐந்தையும் கோடையில் தண்ணீர் இறங்கியபின் எடுக்கிறோம். புதுப் பாத்தியில் செடி மூன்று விரல் உயரம் வந்திருக்கிறது.